ஒரு செமஸ்டர், இரண்டு பெயின்ட் வாளி, எட்டு வயது லேப்டாப்

செமஸ்டர் தொடங்கிய முதல் வாரம் என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. மூங்கில் பல்துலக்கி, ஸ்டீல் உறிஞ்சுகுழல், துணிப்பை நான்கு, மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று. குப்பையைக் குறைக்கப் போகிறேன் என்று கிளம்பியவன் முதல் வேலையாகக் கடைக்குப் போகிறான் என்றால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது. அது அப்போது உறைக்கவில்லை. உறைத்தது அலமாரியைத் திறந்தபோதுதான். கருத்தரங்கில் கொடுத்தது, விளையாட்டு விழாவில் கொடுத்தது, புது மாணவர் வரவேற்பில் திணித்தது என்று ஏழு துணிப்பைகள் ஏற்கெனவே மடித்தபடி கிடந்தன. ஒன்றைக்கூட நான் கேட்டு வாங்கவில்லை.

டென்மார்க் நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை கடைப் பைகளை ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. சாதாரணப் பருத்திப் பை ஒன்று, மெல்லிய பிளாஸ்டிக் கடைப்பைக்குச் சமமாக வேண்டுமென்றால், காலநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் 52 முறையும், தண்ணீர், ஓசோன் என்று எல்லாப் பாதிப்பையும் சேர்த்தால் சுமார் 7,100 முறையும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. தினம் ஒரு முறை வைத்துக்கொண்டாலும் 19 வருஷத்துக்கு மேல். தெருவிலும் கடலிலும் போய்ச் சேரும் பிளாஸ்டிக்கை அந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பைக்கு வக்காலத்து வாங்குவது போல ஆகிவிடும். எனக்கு அதிலிருந்து கிடைத்தது ஒன்றுதான்: இருக்கிற பையைத் தேய்த்து முடி, எட்டாவதை வாங்காதே. பட்டியலைக் கிழித்தேன், கிழித்த காகிதத்தையும் எடுத்து வைத்தேன், ஏனென்றால் அன்றிலிருந்துதான் எடை போடத் தொடங்கினேன்.

பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றைப் பக்கத்து அறையில் இரவல் வாங்கி, ஏழு நாள் குப்பையைச் சேர்த்து, எட்டாம் நாள் காலையில் பழைய செய்தித்தாளை விரித்து மொத்தத்தையும் கொட்டினேன். அறையில் நாங்கள் இரண்டு பேர். மொத்தம் 3,620 கிராம். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது பிளாஸ்டிக்தான். பளபள உறைகளும் பார்சல் பைகளும் தாளில் முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. தூக்கிப் பார்த்தால் 430 கிராம். பழத்தோல், காய்கறிக் கழிவு, தேயிலைச் சக்கை, மிச்சம் மீதி எல்லாம் ஒரு மூலையில் ஈரமாகக் குவிந்திருந்தது, அது 2,150 கிராம். காகிதமும் அட்டையும் 740. தூசி, முடி, டிஷ்யூ, ஒரு உடைந்த கண்ணாடி டம்ளர் எல்லாம் சேர்த்து 300. ஆக, நான் வாங்கப் போன பட்டியலில் இருந்த ஒரு பொருள்கூட பாதிக்கு மேல் இருக்கும் அந்த ஈரக்குப்பையைத் தொட்டிருக்காது.

(மெஸ்ஸில் தட்டில் மிச்சம் வைப்பது இந்தக் கணக்கில் வரவில்லை. அங்கே தராசு கொண்டுபோக எனக்குத் தைரியம் இல்லை. 2022இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில் என்று ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. ஓட்டல், மெஸ் போன்ற இடங்கள் 28 சதவீதம். நான் செய்த ஒரே காரியம், முதல் தடவை பாதி வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றால் இரண்டாவது தடவை எழுந்து போவது. எழுந்து போகச் சோம்பல் வருமே, அதனாலேயே பாதி வேலை நடந்துவிடுகிறது.)

முதலில் ஈரக்குப்பையை உரமாக்க வைத்த வாளிக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் சொதப்பினேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

விடுதிக்கு வெள்ளையடித்தவர்கள் விட்டுப்போன 20 லிட்டர் பெயின்ட் வாளிகள் படிக்கட்டுக்குக் கீழே கிடந்தன. மூடி சரியாகப் பொருந்துகிற இரண்டை எடுத்து, உள்ளே காய்ந்திருந்த பெயின்ட்டைத் தகடு தகடாக உரித்து, நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். ஓட்டை போட ஆணியைக் காய்ச்சிக் குத்தலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு ஒரு ஓட்டை போட்டுப் பார்த்தேன். உருகும் பிளாஸ்டிக் புகை ஒரு மூச்சு உள்ளே போனதுமே விட்டுவிட்டேன், நீங்களும் அதைச் செய்யாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் டிரில் இரவல் வாங்கி, 6 மி.மீ. பிட்டில் சுற்றிலும் நான்கு வரிசை, அடியில் ஒரு பத்து, மூடியில் ஒரு பத்து. உள்பக்கம் கொசுவலைத் துண்டு ஒட்டினேன். இரண்டு செங்கல் மேல் வாளி, அடியில் உடைந்த டிரே. இடம், பால்கனி மூலை.

அப்புறம் மகிழ்ச்சியாகக் குப்பையைப் போட ஆரம்பித்தேன். பழத்தோல், அதன்மேல் காய்கறித் தோல், அதன்மேல் தேயிலைச் சக்கை. பத்தாவது நாள் மூடியைத் திறந்தபோது வந்த வாடையை எப்படிச் சொல்வது, அழுகிய முட்டையை ஊறவைத்த ஈரத் துணியில் கட்டி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. டிரேயில் கருப்பாக ஒரு தண்ணீர். ரூம்மேட் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "டேய், இது வெளியே போகுதா, நான் போகட்டுமா?"

தப்பு என்னவென்றால் நான் போட்டது அத்தனையும் பச்சை, காய்ந்தது ஒன்றுகூட இல்லை. உரமாக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். ஈரம் மட்டுமே இருந்தால் எல்லாம் அமுங்கிச் சேறாகி, இடையிலிருக்கும் காற்று போய், காற்றில்லாமல் வாழும் வேறொரு கூட்டம் வேலையை எடுத்துக்கொள்கிறது. நாறுவது அந்தக் கூட்டத்தின் வேலை. கரியும் நைட்ரஜனும் எடையில் சுமார் 30க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பது நல்லது என்று பாடத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். சமையல் கழிவு மட்டும் என்றால் அது 15, 20 என்றுதான் இருக்கும், காய்ந்த இலை 40க்கு மேல் போகும், இரண்டையும் கலந்தால்தான் நடுவில் வந்து நிற்கும். எழுதியவனுக்கு வாளி நாறும்வரை அது நினைவுக்கு வரவில்லை.

சரிசெய்தது இப்படி. வாளியை அப்படியே தாளில் கவிழ்த்தேன் (ரூம்மேட் அப்போது நூலகத்தில் இருந்தான், நேரம் பார்த்துத்தான் செய்தேன்). வளாகத்தில் கூட்டிக் குவித்த காய்ந்த இலைகளை ஒரு சாக்கு கேட்டு வாங்கி வந்து, கையால் நொறுக்கி, ஒரு பங்கு ஈரத்துக்கு இரண்டரை, மூன்று பங்கு இலை என்று கலந்தேன். இலை போதாத இடத்துக்குப் பார்சல் அட்டை. டேப்பையும் பளபளப்பான லேபிளையும் உரித்துவிட்டு விரல் அகலத்துக்குக் கிழித்தது. வாளியின் அடியில் சுள்ளி ஒரு அடுக்கு, காற்று போக. பிறகு கலவையில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார்க்க வேண்டும்: விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி, ஒழுகினால் இன்னும் இலை, பிழிந்த உருண்டை கைவிட்டதும் உதிர்ந்து போனால் கொஞ்சம் தண்ணீர். மூன்றாம் நாள் வாடை பாதி. ஆறாம் நாள் மழை பெய்த மண் வாசனை மாதிரி ஒன்று. இதை ரூம்மேட்டிடம் மோந்து பார்க்கச் சொன்னேன், மறுத்துவிட்டான்.

அடுத்த தொல்லை பழ ஈ. எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதில்லை, முட்டை பழத்தோலிலேயே வந்துவிடுகிறது. இரண்டு காரியம் உதவியது. ஒவ்வொரு தடவை போட்டதும் மேலே இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலைப் போர்வை. பக்கத்தில் ஒரு டம்ளரில் வினிகர், அதில் ஒரே சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. வினிகர் வாசனைக்கு வரும் ஈ சோப்பில்லாத டம்ளரில் மேலே நின்று குடித்துவிட்டுப் பறந்துபோகும், சோப்பு அந்த மேல்பரப்பின் இழுவையைக் கெடுத்துவிடுவதால் உள்ளே மூழ்கிவிடும். முதல் நாள் 31 எண்ணினேன். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன், மனுஷனுக்கு வேறு வேலையும் இருக்கிறது.

ஆறு வாரத்தில் முதல் வாளி நிறைந்தது, அதை மூடி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கினேன். உரக்குழி சூடாகும், ஆவி பறக்கும் என்றெல்லாம் சொல்வார்கள், என் வாளி ஒருநாளும் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. அதில் ஆச்சரியமில்லை, 20 லிட்டருக்குள் உண்டாகும் சூடு சுவர் வழியாகவே வெளியே போய்விடும். 55, 60 டிகிரி வந்து நிற்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர் குவியல் வேண்டும். சூடு இல்லாததால் இரண்டு விளைவு. ஒன்று, மெதுவாகத்தான் நடக்கும். இன்னொன்று, விதை சாகாது. செமஸ்டர் முடிவில் முதல் வாளியைத் திறந்தபோது ஒரு தக்காளிச் செடி வெளிறிப்போய் மூடியை முட்டிக்கொண்டு நின்றிருந்தது.

அந்த வாளியைச் சல்லடையில் சலித்தபோது சுமார் 4 கிலோ கருப்பு உரம் கிடைத்தது. சல்லடையில் தங்கியதுதான் சுவாரஸ்யம். பாதி மக்கிய சுள்ளி, உரிக்காமல் விட்ட ஒரு லேபிள், அப்புறம் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாக, சதுரம் சதுரமாக, கிட்டத்தட்ட நாற்பது துண்டுகள். என்னடா இது என்று ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தேன், பிய்யவில்லை, நீண்டது. டீ பேக். ரூம்மேட் குடிக்கும் டீ. காகிதம் என்று நினைத்துப் போட்டதில் காகிதம் மக்கிப் போய், ஓரத்தைச் சூட்டில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பாலிபுரொப்பிலீன் இழை மட்டும் எலும்புக்கூடு போல மிஞ்சியிருந்தது. எல்லா டீ பேக்கிலும் இது கிடையாது, பலவற்றில் உண்டு. கூடவே, 'மக்கும்' என்று பச்சை எழுத்தில் அச்சிட்ட ஒரு குளிர்பான கப்பையும் சோதனைக்குப் புதைத்திருந்தேன். கழுவினால் மறுபடி குடிக்கலாம், அப்படியே இருந்தது. அந்த வகைக் கப் பிஎல்ஏ என்ற பொருளில் செய்வது, 60 டிகிரி அளவில் வைத்திருக்கும் பெரிய உரத் தொழிற்கூடத்தில்தான் அது மக்கும், பால்கனி வாளிக்கு அந்த எழுத்து பொருந்தாது. இப்போது டீ பேக்கைக் கத்தரித்துச் சக்கையை மட்டும் போடுகிறோம். இன்னும் எளிது தூளாக வாங்கி வடிகட்டுவது, அதற்கு அவனைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் ஆனது.

கெட்டில் கதை சின்னது. அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, தண்ணீர் கொதிக்கும் முன்பே தானாக அணைய ஆரம்பித்தது. போய்விட்டது, வாங்கிவிடலாம் என்று ரூம்மேட் தூக்கி ஓரம் வைத்திருந்தான். இரண்டு எலுமிச்சையைப் பிழிந்து தண்ணீரோடு கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் ஊறவைத்து, கழுவினேன். படிந்திருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். கெட்டில் சரியாகிவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 0.09 யூனிட் மின்சாரம் போகிறது, இரண்டு டம்ளருக்கு ஒன்றரை லிட்டர் கொதிக்க வைக்கும் பழக்கத்தையும் அன்றே விட்டோம். அவ்வளவுதான்.

பையின் ஜிப் கொஞ்சம் படுத்தியது. இழுத்தால் ரன்னர் ஓடுகிறது, பின்னால் பல் சேராமல் வாய் பிளந்துகொள்கிறது. பை நன்றாக இருக்கிறது, பட்டை நன்றாக இருக்கிறது, ஜிப்புக்காகப் பையையே எறிவார்களா? எறிகிறார்கள், விடுதிக் குப்பைத்தொட்டியில் செமஸ்டருக்குப் பத்துப் பை பார்க்கலாம். பெரும்பாலும் பல்லில் கோளாறு இருக்காது. ரன்னரின் இரண்டு தகடும் தேய்ந்து, வாய் அகன்று, பல்லை அழுத்திச் சேர்க்கும் பிடி தளர்ந்திருக்கும். குறடால் ரன்னரின் பின்பக்கத்தை, இடது ஓரம் ஒரு தடவை, வலது ஓரம் ஒரு தடவை, மெல்ல நெருக்கினால் பிடி திரும்பி வரும். மெல்ல என்ற சொல்லை நான் அப்போது படிக்கவில்லை. ஒரே அழுத்து, டக் என்று ஒரு காது உடைந்து மேஜைக்குக் கீழே போய்விட்டது. இந்த ரன்னர்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, இரும்பு மாதிரி வளையாது, உடையும்.

நல்லவேளை, ரன்னரின் முதுகில் எண் இருக்கும். என்னுடையதில் ஒய்கேகே என்ற ஜிப் நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் 5. மூடிய நிலையில் பல்வரிசையின் அகலம் தோராயமாக 5 மி.மீ. என்று அர்த்தம். அதே 5 போட்ட, அதே சுருள் வகைப் பல் கொண்ட பழைய பென்சில் பை ஒன்றிலிருந்து ரன்னரைக் கழற்றினேன். ஜிப்பின் முனையில் தையலைப் பிரித்து, நாடாவின் இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில் உள்ளே செருகி, ஒரு பக்கம் ஒரு பல் முந்திவிட்டால்கூட பை கோணிக்கொள்ளும் என்பதால் நான்கு தடவை கழற்றி மாட்டி, கடைசியில் நேராக வந்ததும் முனையில் ஏழெட்டுச் சுற்றுத் தையல் போட்டு அடைத்தேன். பல்லின்மேல் மெழுகுவத்தியை இரண்டு தரம் தேய்த்தால் ஓட்டம் வெண்ணெய் மாதிரி. மொத்தம் 50 நிமிடம், அதில் 20 நிமிடம் உடைந்த காதைத் தேடியது.

இனி லேப்டாப். 2017இல் வாங்கியது, அக்கா படித்து முடித்து எனக்கு வந்தது. ஆய்வறிக்கைக்கான கணக்கீட்டை ஓடவிட்டால் பத்தாவது நிமிடம் விசிறி விமானம் மாதிரி இரைந்து, பதினைந்தாவது நிமிடம் அணைந்துவிடும். பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது, புதுசு வாங்கு. லேப்டாப் ஒன்று தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரி உமிழ்வில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே முடிந்துவிடுகிறது, நாம் சார்ஜ் போடுவதெல்லாம் அதற்கப்புறம் வரும் சில்லறை. அதனால் சின்னச் சின்னதாக எதை மிச்சப்படுத்துவதையும்விட, இருக்கிற இயந்திரத்தை இன்னும் மூன்று வருஷம் ஓட்டுவதுதான் மாணவன் கையில் இருக்கும் பெரிய காரியம் என்பது என் கணிப்பு. 2022இல் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான், இது ஐநாவின் 2024 அறிக்கை.

முதலில் வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் போட்டுப் பார்த்தேன். கணக்கீடு ஓடும்போது 97 டிகிரி. அப்படியென்றால் சில்லுக்குக் கோளாறில்லை, சூடு வெளியே போக வழியில்லை. அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியின் திருகுகளைக் கழற்றினேன். ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் முதுகை வரைந்து, எந்தத் திருகு எங்கேயிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் நீளம் ஒன்றுபோல் இருக்காது, நீளமானதைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் மறுபக்கம் பலகையைக் குத்தும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பேட்டரி உப்பியிருந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும், குத்தவோ அமுக்கவோ கூடாது, தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். என்னுடையது தட்டையாக இருந்தது.

விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பாய் இருந்தது. பாய் என்று சும்மா சொல்லவில்லை, இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் கம்பளித் துண்டு மாதிரி முழுசாக உரிந்து வந்தது. எட்டு வருஷத் தூசி, துணி நூல், அக்காவின் நீள முடி, என் குட்டை முடி, எல்லாம் காற்றழுத்தத்தில் நெய்துகொண்டது. விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும், சும்மா விட்டு ஊதினால் அது கண்டபடி சுற்றித் தாங்கியைக் கெடுத்துக்கொள்ளும். பிறகு சில்லின் சூட்டை இழுக்கும் உலோகத் தகட்டை (ஹீட் சிங்க்) தூக்கினால், இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக இருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, அரிசி அளவுக்குப் புதுப் பேஸ்ட் வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.

இங்கேதான் ஒரு வினை. விசைப்பலகையின் ரிப்பன் கேபிளைப் பிடித்துவைக்கும் கருப்புக் கதவு ஒன்று உண்டு, அரிசிமணியை நான்காகப் பிளந்த மாதிரி கனம். அதை மேல்நோக்கி நிமிர்த்த வேண்டும். நான் பக்கவாட்டில் இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. இரவு பதினொன்றரை மணி, ஆய்வறிக்கை உள்ளே, கதவு கையில். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒரு வருகை அட்டையிலிருந்து மெல்லிய கீற்று வெட்டி, கேபிளை நேராகச் செருகி, அதன்மேல் அட்டைக் கீற்றை ஆப்பு மாதிரி தள்ளி, மேலே டேப் போட்டேன். நாலு மாதமாக அந்த அட்டையில்தான் விசைப்பலகை ஓடுகிறது. இதையும் அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதே கணக்கீடு, இப்போது 76 டிகிரி, அணையவில்லை. பழைய சுழலும் வட்டை மாற்றி எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் போட்டதும் திறக்கும் நேரம் இரண்டு நிமிடத்திலிருந்து பதினெட்டு வினாடி. மிச்சம் இருந்தது மென்பொருள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11 கேட்கும் செயலிப் பட்டியலில் என் ஏழாம் தலைமுறைச் சில்லு இல்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டேன். ஒரு வாரம் அச்சுப்பொறியோடு மல்லுக்கட்டினேன், ஒரு பாடத்துக்கு மட்டும் தேவைப்படும் மென்பொருளுக்கு ஆய்வகக் கணினிக்குப் போகிறேன், மற்றதெல்லாம் ஓடுகிறது. பேட்டரி மட்டும் முதலில் இருந்த கொள்ளளவில் 61 சதவீதம். சார்ஜை 80இல் நிறுத்தும் அமைப்பைப் போட்டு வைத்திருக்கிறேன், இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் போதும்.

பிரித்துப் பார்ப்பதற்கான படங்கள் எல்லாம் இணையத்தில் கிடைத்ததால்தான் இது முடிந்தது. அந்தப் பழக்கத்தைப் பரப்பிய ஐஃபிக்ஸிட் என்ற இணையதளம் தொடங்கியதே இப்படி ஒரு விடுதி அறைச் சங்கடத்தில்தான். 2003இல் கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கைல் வீன்ஸ் தன் ஐபுக் மடிக்கணினியைச் சரிசெய்யக் கையேடு தேடிக் கிடைக்காமல், தானே பிரித்துப் பழகி, நண்பர் லூக் சோல்ஸோடு சேர்ந்து தொடங்கினார். இதைச் சொன்னதும் எங்கள் மாடியில் இரண்டு பேர் தங்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், பிறகு ஒரு மேஜை விளக்கு, ஒரு குடை, ஒரு காது கேட்காத ஹெட்போன். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டீனே போஸ்ட்மா தொடங்கிய, பழுதான பொருள்களைக் கூடி உட்கார்ந்து சரிசெய்யும் ரிப்பேர் கஃபே மாதிரி என்று பீற்றிக்கொள்ளலாம்தான், உண்மையில் ஐந்து பேர் தரையில் உட்கார்ந்து ஒரு ஸ்க்ரூடிரைவருக்குச் சண்டை போட்டோம். குடை பிழைத்தது. ஹெட்போன் பிழைக்கவில்லை, நான் திறந்தபோது இருந்ததைவிட மோசமாகிவிட்டது. உரிமையாளன் பெருந்தன்மையானவன்.

காகிதத்துக்கு ஒரு வழி கிடைத்தது. ஒருபக்கம் அச்சான தாள் ஏராளம். குறிப்பெடுக்க எடுத்து வைத்தால் காற்றில் பறக்கும், பின் அடித்தால் அச்செழுத்து மறுபக்கம் கண்ணை உறுத்தும். நோட்டாகவே கட்டிவிடலாம். ஏ4 தாளை அச்சான பக்கம் உள்ளே போகும்படி பாதியாக மடியுங்கள். இப்போது வெளியே தெரிவது இரண்டு வெற்றுப் பக்கம். இப்படி 40 தாள். அடுக்கும்போது மடிப்பு வெளிப்பக்கமாக, திறந்த ஓரம் முதுகுப் பக்கமாக இருக்க வேண்டும். நான் முதல் நோட்டில் வழக்கம்போல மடிப்பை முதுகில் வைத்துத் தைத்துவிட்டேன், விரித்தால் புள்ளியியல் வினாத்தாள் பல்லைக் காட்டுகிறது. பிரித்து மறுபடி. திறந்த ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே ஐந்து துளை, குத்தூசியால், அடியில் பழைய செருப்பு ரப்பர் வைத்து. தடித்த நூலால் ஒவ்வொரு துளையிலும் முதுகைச் சுற்றி வந்து அடுத்த துளைக்குப் போய், திரும்பி வரும்போது விட்ட இடைவெளியை நிரப்பினால் முடிச்சு உள்ளே மறைந்துவிடும். 80 பக்க நோட்டு, அட்டைக்குப் பார்சல் பெட்டி. இந்தப் பருவத்தில் ஒன்பது நோட்டு கட்டினேன், ஆறு நான் எழுதினேன், மூன்று மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். கடை ரசீதை மட்டும் இதிலும் சேர்க்காதீர்கள், உர வாளியிலும் போடாதீர்கள், மை இல்லாமல் சூட்டில் எழுத்து வரும் அந்தத் தாளின் பூச்சில் பிபிஏ மாதிரி வேதிப்பொருள்கள் இருக்கலாம்.

பதினாறாவது வாரம் மறுபடி கொக்கித் தராசு, மறுபடி செய்தித்தாள். குப்பைத்தொட்டிக்குப் போக வேண்டியது 690 கிராம். ஈரம் வாளிக்குப் போய்விட்டது. காகிதத்தில் ரசீதும் எண்ணெய் பட்ட அட்டையும் 140. தூசி, முடி, டிஷ்யூ 280, அதை என்ன செய்தும் குறைக்க முடியவில்லை. பிளாஸ்டிக் 270. அந்த 270ஐ ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பாட்டில் வகையறாவைத் தனியாக எடுத்துப் பழைய பொருள் வாங்குபவரிடம் முன்பே கொடுத்துவிடுவதால், இப்போது மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட எல்லாமே உள்ளே வெள்ளி மாதிரி மின்னும் நொறுக்குத்தீனி உறைகள். பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரித்தெடுக்க முடியாது, அவரும் கையால் தள்ளிவிடுகிறார். கழுவி, காயவைத்து, ஒரு பெரிய உறைக்குள் திணித்து அலமாரி மேல் வைத்திருக்கிறேன், எண்ணியதில் 58. அதில் 41 ரூம்மேட்டுடையது. எண்ணிக்கையைச் சுவரில் எழுதி ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் பக்கத்தில் அவன் கையெழுத்தில் இன்னொரு வரி: ஹெட்போன் 1, ரன்னர் 1, கேபிள் கதவு 1.